முசல் சின்ன ஆடு இல்லை

மருதனார்மடம் சந்தையில் வியாபாரம் ஓய்கிற நேரம், கழித்துப்போட்ட இலைகள் ஒரு பக்கமாகக் குவிந்து கிடக்கும். கோவாவின் வெளி மடல், கரட்டுத் தழை, பீற்றூட்டின் சிவந்த தண்டு, முள்ளங்கி இலை, நசிந்த தக்காளி. செம்மண் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற சந்தை இது. வலிகாமத்தில் விளைவதும் நுவரெலியாவிலிருந்து லொறியில் வருவதும் இங்கே கலக்கும். கழிவில் நல்லதாகப் பார்த்து உரப்பையில் அள்ளிப்போகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். முன்பெல்லாம் அது ஆட்டுக்கும் மாட்டுக்கும்தான். பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கிய வெள்ளை முசல் வளவில் இருக்கிற வீடென்றால், அந்தப் பையில் இப்போது முசலுக்கும் ஒரு பங்கு உண்டு.

யாழ்ப்பாணத்து வீடுகளுக்குக் கால்நடையைப் பற்றித் தெரிந்தது பெரும்பாலும் ஆடும் மாடும் கற்றுக்கொடுத்தது. எந்த வேலியில் எந்தக் குழையை முறிக்கலாம், மாரியில் எதைக் குறைக்க வேண்டும், வயிறு ஊதினால் என்ன கைமருந்து என்பதெல்லாம் தலைமுறைகளாக வந்த அறிவு. நல்ல அறிவுதான். அதை அப்படியே முசல் கூட்டுக்குள் கொண்டுபோகும்போதுதான் சிக்கல் வருகிறது. "ஆடு தின்னுற குழைதானே, முசலுக்கு என்ன செய்யப்போகுது?" என்று கேட்பவருக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. ஆட்டின் வயிறும் முசலின் வயிறும் முன்பின்னாக மாறி அமைந்தவை என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டும் புல் தின்பவை. ஆனால் புல்லின் செலுலோசை உடைக்கிற நொதியம் ஆட்டிடமும் இல்லை, முசலிடமும் இல்லை. எந்தப் பாலூட்டியிடமும் இல்லை. பற்றீரியா போன்ற நுண்ணுயிர்களுக்கு உடம்புக்குள் இடம் கொடுத்து, அவற்றைக்கொண்டு உடைப்பித்து, அவை வெளிவிடும் கொழுப்பமிலங்களை உறிஞ்சிக்கொள்வதுதான் இரண்டுக்கும் வழி. வேறுபாடு அந்த இடம் எங்கே இருக்கிறது என்பதில். ஆட்டுக்கு அது முன்னால்: உண்மையான இரைப்பைக்கு முந்திய பெரிய அறை. முசலுக்குப் பின்னால்: சிறுகுடலும் பெருங்குடலும் சந்திக்கிற இடத்தில் சுருண்டு கிடக்கும் குருட்டுக்குடல். முசலின் வயிற்றைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது இதுதான். உணவுப் பாதை முழுவதன் கொள்ளளவில் ஏறத்தாழ 40 சதவீதத்தை இது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. இரைப்பைக்குக் கிடைப்பது 15 சதவீதம் அளவுதான்.

ஆகவே ஆடு தின்பதை முதலில் நுண்ணுயிர்கள் பார்த்து, மிச்சத்தையும் தம்மையும் ஆட்டுக்குக் கொடுக்கின்றன. முசல் தின்பதை முதலில் முசலே செரித்து உறிஞ்சுகிறது. அதனால் முடியாதது மட்டும் நுண்ணுயிர்களிடம் போகிறது. முசலின் வயிற்றில் வருகிற நல்லது கெட்டது அநேகமாக எல்லாவற்றையும் இந்த வரிசையைக்கொண்டே விளக்கிவிடலாம்.

இன்னொன்று: ஆடு இரையை வாய்க்குத் திருப்பிக்கொண்டுவந்து மெல்லும். முசலின் இரைப்பை வாசலில் உள்ள தசை வளையம் மிகவும் இறுக்கமானது. அதனால் வாந்தி எடுக்கவே முடியாது. உள்ளே போனது எதுவானாலும் மறுபக்கத்தால்தான் வெளியே வர வேண்டும். குடல் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முசல் உயிரோடு இருக்கும்.

அதை ஓடவைப்பது நார். இங்கே ஒரு முரண் உண்டு. நாரை மிக மோசமாகச் செரிக்கும் புல்தின்னிகளில் முசலும் ஒன்று. குதிரைமசாலின் நாரில் மாடு நாற்பது சதவீதத்துக்கு மேல் செரித்துவிடும்; முசல் செரிப்பது பதினைந்து சதவீதம் அளவுதான். அப்படியிருந்தும் நார் இல்லாமல் முதலில் விழுவது முசல். ஏனென்றால் அது நாரைத் தின்பது சத்துக்காக அல்ல, குடலை அசைப்பதற்காக. நீண்ட நார்த் துண்டுகள் குடற்சுவரை உரசி விரிக்கும்போதுதான் தசைகள் சுருங்கி உணவைத் தள்ளுகின்றன.

பெருங்குடலின் தொடக்கத்தில் நடப்பது இன்னும் வியப்பானது. அங்கே ஒரு தரம்பிரிப்பு நடக்கிறது. அரை மில்லிமீற்றருக்குப் பெரிய, செரிக்காத நார்த் துண்டுகள் குழாயின் நடுவால் முன்னோக்கிப் போகின்றன. நுண்ணிய துகள்களும் நீரும் ஓரமாக ஒதுங்கி, எதிர்த்திசையில் அலையும் தசைச் சுருக்கங்களால் குருட்டுக்குடலுக்குள் திருப்பி அனுப்பப்படுகின்றன. ஒரே குழாய், ஒரே நேரம், இரண்டு திசை. பாரமான நாரைச் சுமந்துகொண்டு நிற்காமல் உடனே கழித்துவிட்டு, பெறுமதியானதை மட்டும் வைத்து நொதிக்கவைக்கிற இந்த ஏற்பாடு, ஓடித் தப்பவேண்டிய சிறிய விலங்குக்குப் பொருந்துகிறது. மாடு மாதிரிப் பெரிய வயிற்றைத் தூக்கிக்கொண்டு நரிக்கு முன்னால் ஓட முடியாது.

முன்னோக்கிப் போன நார்தான் நாம் கூட்டுக்கடியில் காணும் உருண்டைப் புழுக்கை. நல்ல புழுக்கை ஒன்றை எடுத்து விரலிடையில் நசித்துப் பாருங்கள். நாற்றம் இராது, உலர்ந்த புல்லின் வாசம்தான் வரும். பொன்னிறமாக, தூள்தூளாக, நார் இழைகள் கண்ணுக்கே தெரியும். அளவில் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இராது. அது சிறுத்துக் கறுத்து, கல்லுப்போல இறுகினால், அல்லது மயிர் இழையில் கோத்த மாதிரி ஒன்றோடொன்று தொடுத்து வந்தால், முசல் இன்னும் துள்ளித் திரிந்தாலும் உள்ளே ஓட்டம் குறைகிறது என்று பொருள். இரத்தப் பரிசோதனைக்கு முன்னால் இந்தப் பரிசோதனை வளவுக்குள்ளேயே, காசில்லாமல் கிடைக்கிறது.

குருட்டுக்குடலுக்குள் திரும்பிப் போனவை அங்கே மணிக்கணக்காக நொதிக்கின்றன. முசலின் அன்றாடச் சக்தித் தேவையில் 40 சதவீதம் வரை அங்கே உருவாகும் கொழுப்பமிலங்களிலிருந்து வரலாம். ஆனால் நுண்ணுயிர்கள் கட்டிய புரதமும் பி வகை விற்றமின்களும் வீணாகிவிடும் ஆபத்து இருக்கிறது. அவற்றை உறிஞ்சும் சிறுகுடல் ஏற்கெனவே முன்னால் போய்விட்டதே. முசல் இதற்குக் கண்ட வழி, அந்தச் சத்தைத் திரும்பத் தின்பது. நாளில் ஓரிரு முறை, பெரும்பாலும் அது ஓய்ந்திருக்கும் வேளையில், குருட்டுக்குடலின் உள்ளடக்கம் சளிப்படலம் போர்த்த மென்மையான சிறு மணிகளாக, ஒரு சின்ன முந்திரிகைக் குலையைப் போல வெளிவரும். முசல் குனிந்து, மலவாயிலிருந்தே வாயால் எடுத்து, மெல்லாமல் விழுங்கிவிடும். அந்தச் சளிப்படலம் இரைப்பையின் அமிலத்திலிருந்து நுண்ணுயிர்களைச் சில மணிநேரம் காப்பாற்றும். பிறகு அவை செரிக்கப்பட்டுச் சிறுகுடலில் உறிஞ்சப்படும். உலர்நிலையில் இந்த மென்புழுக்கையின் கால்பங்குக்கு மேல் புரதம். சாதாரணப் புழுக்கையில் அதில் பாதியும் இல்லை.

இதை அறிவியல் உலகம் முறையாகக் கவனித்தது மிகப் பிந்தித்தான். மொரோ என்ற பிரெஞ்சு மிருக வைத்தியர் 1882இல் எழுதினார், பலர் கண்டுகொள்ளவில்லை. 1939இல் மட்சன் என்பவர் நேச்சர் இதழில், முசல் அசைபோடுகிறதா என்ற கேள்வியோடு இதை மீண்டும் எழுப்பிய பிறகுதான் ஆய்வாளர்கள் கூட்டுக்கு முன்னால் குந்தியிருந்து பார்க்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு பழைய கதை உண்டு. விவிலியத்தின் லேவியராகமம் முயலை அசைபோடும் விலங்கு என்கிறது. நல்லூர் ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து அந்த நூலைத் தமிழாக்க உதவியவர். சைவரான அவர் அந்த வசனத்தைக் கடந்தபோது என்ன நினைத்தாரோ! முயல் சும்மா இருக்கும்போதும் தாடையை அசைத்துக்கொண்டே இருப்பதைப் பார்த்த எவருக்கும் அசைபோடுவதாகத்தான் தோன்றும். உடலமைப்பின்படி அது தவறு. வேலையின்படி பார்த்தால், ஒருமுறை நுண்ணுயிர்கள் தொட்ட உணவை இரண்டாம் முறை உள்ளே எடுப்பதில் ஆடும் முசலும் ஒன்றுதான்.

இதிலிருந்து நடைமுறையில் ஒன்று தெரிய வேண்டும். கூட்டில் மென்புழுக்கை நசிந்து ஒட்டிக்கிடந்தால் அதை வயிற்றோட்டம் என்று நினைத்து, உணவை நிறுத்தி, மருந்து கொடுக்கத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் அது வயிற்றோட்டம் அல்ல. முசல் தின்னாமல் விட்ட மென்புழுக்கை. கொழுத்த முசலுக்குக் குனிய முடியாது, பல்வலி உள்ளதற்கு எடுக்க முடியாது, சத்தான உணவு அளவுக்கு மிஞ்சிக் கிடைப்பதற்கு அது தேவைப்படாது. மருந்தைத் தேடுவதற்கு முன்னால் உணவுத் தட்டைப் பார்க்க வேண்டிய இடம் இது.

இனி வேலிக்கு வருவோம். இப்பில் இப்பில் இலையில் புரதம் அதிகம். ஆடு ஆசையாகத் தின்னும். அதில் மிமோசின் என்ற நச்சும் உண்டு. அவுஸ்திரேலியாவில் இதைத் தின்ற மாடுகள் மயிர் உதிர்ந்து மெலிந்தபோது, ஹவாய் ஆடுகள் மட்டும் ஒன்றும் ஆகாமல் இருப்பதை ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் கவனித்தார். அவற்றின் முன்வயிற்றில் மிமோசினின் சிதைவுப்பொருளை உடைக்கிற பற்றீரியா ஒன்று குடியிருந்தது. 1980களில் அந்த முன்வயிற்று நீரை அவுஸ்திரேலிய மாடுகளுக்குப் புகட்டியதும் அவை தேறின. பின்னர் அந்தப் பற்றீரியாவுக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். முசலுக்கு இந்த வழி அடைபட்டது. நச்சு நுண்ணுயிர்களிடம் போவதற்கு முன்னாலேயே சிறுகுடல் அதை உறிஞ்சிவிடும். இப்பில் இப்பிலை முக்கிய உணவாகக் கொடுத்த முசலுக்கு மயிர் உதிர்வதும் எடை குறைவதும் இதனால்தான். சொறி என்று நினைத்து எண்ணெய் பூசிப் பயனில்லை.

மரவள்ளியில் கணக்கு தலைகீழ். மரவள்ளி இலையில் உள்ள நச்சுமூலம் உடைந்தால்தான் சயனைட் வெளிப்படும். உடைப்பதில் நுண்ணுயிர்களுக்கும் பங்கு உண்டு. முன்வயிற்றில் உடனே உடைபடுவதால் ஆடுமாடுகளுக்குத்தான் ஆபத்து கூட. முசலுக்கு ஆபத்தில்லை என்பதல்ல. இலை நசியும்போதே தாவரத்தின் சொந்த நொதியம் உடைக்கும் வேலையைத் தொடங்கிவிடும். முறித்து வெயிலில் நன்றாக வாடவிட்டால் சயனைட்டில் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். மரவள்ளிக்கிழங்கு அவித்த அன்று இஞ்சியைக் கண்ணிலும் காட்டாத ஊரில் இதைச் சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

வெங்காயத்தாள் வலிகாமத்தில் எங்கும் கிடைக்கும். முசலுக்கு வேண்டாம், சிவப்பு இரத்தக் கலங்களை உடைக்கும். தக்காளி இலை, முளைவிட்ட உருளைக்கிழங்கு, வேலியோர அலரி, ஆமணக்கு, நாயுண்ணி எதுவும் கூடாது. சந்தையில் அள்ளிய இலையில் வேறு ஒரு கவலையும் உண்டு. கோவாவின் வெளி மடல்தான் பூச்சிமருந்தை முதலில் வாங்குவது. ஆட்டின் உடல் எடையோடு பார்த்தால் இரண்டு கிலோ முசலுக்கு அந்த அளவு சின்னதல்ல. உள்மடலைக் கழுவிக் கொஞ்சமாகக் கொடுக்கலாம். வெளிமடலை எருக்குழிக்கு விடுவதே என் கட்சி.

அடுத்தது கரட். முசலையும் கரட்டையும் சேர்த்துவைத்ததில் பெரும்பங்கு 1940இல் திரைக்கு வந்த பக்ஸ் பன்னி என்ற கேலிச்சித்திர முயலுக்கு உண்டு. ஐபீரியக் குடாநாட்டின் வறண்ட புற்றரையில் தோன்றிய விலங்குக்குக் கிழங்கு இயல்பான உணவல்ல. கரட்டில் 100 கிராமுக்கு 5 கிராம் அளவில் சர்க்கரை. வாழைப்பழத்தில் 12 கிராம் அளவில். ஆஞ்சநேயர் கோயிலில் அர்ச்சனை செய்துகொண்டு வந்த பழத்தில் ஒரு முழுப்பழம் முசலுக்கு என்றால், அது நமக்கு ஒரு சீப்புக்கு மேலேயே போகும். ஒரு விரற்கணு அளவுத் துண்டு, அதுவும் வாரத்தில் இரண்டொரு நாள் போதும். கரட்டின் தழையை வேண்டுமானால் தாராளமாகக் கொடுக்கலாம். சந்தையில் நாம் முறித்து எறிவது அதைத்தான்.

பாண், பிஸ்கட், சோறு, மா, கோழித்தீன் எல்லாம் இன்னும் மோசம். மாப்பொருள் அளவோடு இருந்தால் சிறுகுடல் செரித்துவிடும். மிஞ்சினால் செரியாத பங்கு குருட்டுக்குடலுக்குள் வழிகிறது. ஆட்டுக்கும் அரிசி, நெல் அளவுக்கு மீறிப் போனால் முன்வயிறு புளித்துச் சாகும் என்பது தெரிந்ததுதான். முசலுக்கு அந்த வெடிப்பு நடப்பது பின்னால். அங்கே வழக்கமாக ஒடுங்கியிருக்கும் குளொஸ்திரிடியம் வகைப் பற்றீரியா குளுக்கோசைக் கண்டு பெருகி நச்சைச் சுரக்கும். பெரிய முசல் சமாளிக்கலாம். குட்டி ஒரே இரவில் செத்துக்கிடக்கும். "நேற்றுப் பின்னேரம் நல்லாத்தான் ஓடித்திரிஞ்சது" என்று சொல்லப்படுகிற சாவுகளில் ஒரு பங்கு இப்படித்தான்.

குட்டிகளின் நிலை தனியாகச் சொல்ல வேண்டியது. தாய் முசல் நாளில் ஒரு முறை, சில நிமிடங்கள் மட்டுமே பால் கொடுக்கும். அந்தப் பாலிலிருந்து இரைப்பையில் உருவாகும் கொழுப்பமிலங்கள் கிருமிகளை அடக்கிவைக்கும். பெரிய முசலின் இரைப்பையில் இருக்கும் கடும் அமிலம் குட்டிக்கு இன்னும் வந்திராது. மூன்று கிழமையளவில் குட்டி புல்லைக் கடிக்கத் தொடங்கி, தாயின் புழுக்கையையும் சேர்த்துத் தின்று தன் குருட்டுக்குடலுக்கு நுண்ணுயிர்களைக் குடியேற்றும். பால் நிற்பதற்கும் அமிலம் கடுமையாவதற்கும் இடையில் ஒரு காவலற்ற காலம் வருகிறது. நாலு கிழமைக் குட்டியைக் கடதாசிப் பெட்டியில் போட்டு விற்பது சரியாக அந்தக் காலத்தில்தான். பயணம், வெயில், புது இடம், புது உணவு, அதற்கு மேலே பிள்ளைகள் ஊட்டும் பிஸ்கட். எட்டுக் கிழமைக்குப் பிறகு வாங்குங்கள். வாங்கும்போது அங்கே என்ன தின்றது என்று கேட்டு, முதல் வாரம் அதையே கொடுத்து, மெல்லமெல்ல மாற்றுங்கள்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 32 டச் வகை முசல்களை 17 மாதம் நாலு வகை உணவில் வைத்துப் பார்த்தார்கள்: உலர்புல் மட்டும், உருளைத்தீனும் புல்லும், தானியக் கலவையும் புல்லும், தானியக் கலவை மட்டும். கலவை கிடைத்தவை ருசியானதைப் பொறுக்கித் தின்று மிச்சத்தை விட்டன. உடல் பெருத்தது, புழுக்கை சிறுத்தது, மென்புழுக்கை தின்னப்படாமல் கிடந்தது. கலவை மட்டும் தின்றவற்றுக்குப் பல்லும் கெட்டது. முசலின் எல்லாப் பற்களும் வாழ்நாள் முழுதும் வளர்பவை. முன்பற்கள் வாரத்துக்கு இரண்டு மில்லிமீற்றர் அளவுக்கு வளரும். தேய்ப்பது புல்லை அரைக்கும் பக்கவாட்டு அசைவு. தேயாத கடைவாய்ப்பல் கூராகி நாக்கைக் குத்தும், முசல் தின்ன மறுக்கும், குடல் நிற்கும். வயிற்று நோய் என்று கொண்டுவரும் முசலின் வாயை வைத்தியர் முதலில் திறந்து பார்ப்பதன் காரணம் இதுதான்.

முசலுக்குச் சிறுநீர் கட்டுவதைக் கிணற்று நீரின் குற்றம் என்று இங்கே சொல்லிவிடுவது எளிது. சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிற குடாநாடு. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது எல்லா வீட்டுக்கும் தெரியும். முசல் கல்சியத்தைக் கையாளும் விதமும் வேறுதான். பெரும்பாலான பாலூட்டிகள் தேவைக்கு ஏற்ப உறிஞ்சும். முசல் கிடைப்பதில் பெரும்பங்கை உறிஞ்சிவிட்டு, மிஞ்சியதைச் சிறுநீரில் தள்ளும். அதனால்தான் அதன் சிறுநீர் சீமெந்தில் காய்ந்தால் வெள்ளைத் திட்டாக நிற்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். லீற்றருக்கு 100 மில்லிகிராம் கல்சியம் உள்ள நீரை இரண்டு கிலோ முசல் நாளுக்கு 200 மில்லிலீற்றர் குடித்தால் உள்ளே போவது 20 மில்லிகிராம். 50 கிராம் முருங்கை இலையில் 220 மில்லிகிராம். விரதத்துக்கு மறுநாள் பாறணைக்கு வாங்கிய அகத்தியில் மிஞ்சிய 50 கிராமில் 560 மில்லிகிராமுக்கு மேல். தண்ணீரைக் குறை சொல்லி, அதைக் குறைத்துவைப்பவர்கள் செய்வதுதான் கெடுதல். நீர் குறைந்தால் சிறுநீர் தடித்து, கூடவே குடலும் வறளும். முருங்கையும் அகத்தியும் நல்ல இலைதான், ஒரு கைப்பிடிக்குள். தண்ணீர் எப்போதும் நிறைய.

சித்திரை, வைகாசியில் பகல் 33 பாகைக்கு மேல் போகிற ஊரில் வெப்பம் வேறு சேர்ந்துகொள்கிறது. முசலுக்கு வியர்க்காது, காதால்தான் சூட்டைக் கழிக்கும். 30 பாகை தாண்டினால் தின்பதைக் குறைத்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் முசல் ஆராய்ச்சி நிலையத்தைக் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தகரக் கூரைக் கூட்டில் மத்தியானம் முழுக்கக் கிடந்து தின்னாமல் விட்டால், நார் வராததால் அசைவு குறையும். அசைவு குறைந்தால் இரைப்பையில் உள்ளது வறண்டு இறுகும். வலியால் இன்னும் தின்னாது. முன்பு இப்படிச் செத்த முசலின் இரைப்பையில் மயிர் உருண்டையைக் கண்டு அதுவே காரணம் என்றார்கள். தன் உடம்பை நக்கும் முசலின் இரைப்பையில் மயிர் எப்போதும் இருக்கும். ஓட்டம் நின்றதால் அது உருண்டையானது. உருண்டையானதால் ஓட்டம் நிற்கவில்லை.

பன்னிரண்டு மணிநேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருக்கும் முசலை மறுநாள் பார்க்கலாம் என்று விடக்கூடாது. மூலையில் கூனி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தால் அது வலி. வயிறு மத்தளமாக ஊதியிருக்கும்போது வாயில் எதையும் திணிக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். போகும்போது அன்றைய புழுக்கையை ஒரு கடதாசியில் சுற்றிக் கொண்டுபோங்கள்; கடைசி மூன்று நாள் தின்றதை மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் பிள்ளைக்கு வாங்கி மிஞ்சிய அமொக்சிசிலின் பாணியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அமொக்சிசிலின், அம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்றவற்றை வாயால் கொடுத்தால் குருட்டுக்குடலின் நல்ல பற்றீரியாக்கள் அழிந்து, குளொஸ்திரிடியம் தனிக்காட்டு இராசாவாகிவிடும். நோய் மாறுவதற்கு முன் முசல் போய்விடும்.

அப்படியானால் எதைத்தான் கொடுப்பது? புல். வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்லும் திமோத்தி குளிர்நாட்டுப் புல். இங்கே விளையாது, இறக்குமதிப் பொதிக்கு விலையும் கட்டாது. அறுகு கிணற்றடி வாய்க்கால் ஓரமெல்லாம் கிடக்கிறது. மருந்தடிக்காத வரம்பில் அறுத்து, கழுவி, முசலின் உடம்பளவுக்கு ஒரு கும்பம் எப்போதும் கூட்டில் இருக்க வேண்டும். மூக்குத்திப்பூண்டை வேரோடு தின்னும். மாட்டுக்கென்று கோ-3 நட்ட வளவானால், கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அந்தப் புல்லின் இலையும் முசலுக்கு ஆகும். கடையில் விற்கும் உருளைத்தீன் கிலோ எடைக்கு நாளுக்கு 25 கிராம் போதும். அதற்கு மேல் கொடுத்தால் புல்லைத் திரும்பியும் பார்க்காது. முசல் அதிகம் மேய்வது அந்தியிலும் விடியலிலும் என்பதால் புதிய புல்லைப் பொழுதுபடும்போது போடுங்கள்.

ஐப்பசி மழைக்குப் பிறகு புல் தளதளவென்று எழும். அதில் நீர்தான் அதிகம், நார் குறைவு. திடீரென்று மாற்றினால் கழியும். காலையில் அறுத்து அரை நாள் வாடவிட்டுப் போடலாம். மழைக்காலத்துக்கு வேண்டிய உலர்புல்லைப் பங்குனி வெயிலிலேயே சேர்த்துவைக்க நம் ஊருக்கு நல்ல வசதி இருக்கிறது: இரண்டு மூன்று நாளில், பச்சை நிறம் போகாமல் நிழல்கலந்த வெயிலில் காய்ந்துவிடும். கட்டிப் பரணில் காற்றுப்பட வைக்கலாம். நெல் வைக்கோல் நார் தரும், சத்து அவ்வளவு தராது. கூட்டில் விரித்துவிட்டால் படுக்கவும் கொறிக்கவும் ஆகும். கார்த்திகை ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த கட்டு எதுவானாலும், காசு கொடுத்து வாங்கியதென்றாலும், நேரே எருக்குழிக்கு.